பெரம்பலூரில் நின்றுபோன வீட்டு வண்டி

பெரம்பலூரில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்று யாரும் ஜெர்மனியிலிருந்து கிளம்பி வருவதில்லை. நாங்கள் தங்கினோம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். விஜயதசமி அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதே டீக்கடை வாசலிலிருந்து கிளம்பினோம். நடுவில் நடந்ததெல்லாம் சிரித்துச் சொல்லக்கூடிய கதைதான். அரியலூரில் ஒருவன் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காமல் இருந்திருந்தால், நானும் அதைச் சிரித்தபடியே சொல்லியிருப்பேன்.

எங்களுக்கு என்றால், எனக்கும் ஹில்டாவுக்கும். தென் ஜெர்மனியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. கல்லாகிப்போன நத்தைகளையும் எலும்புகளையும் ஊசியாலும் தூரிகையாலும் சுத்தம் செய்வேன். ஹில்டா அங்கே ஆராய்ச்சி செய்தவள். அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது. இன்று சிமெண்டுக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல் எல்லாம் அந்தக் கடலின் வண்டல்தான். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ அள்ளிக்கொண்டு போன அரியலூர்ச் சிப்பிகள் எங்கள் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் கிடந்தன. அவற்றைப் பார்த்தே ஹில்டாவின் வாழ்க்கை கழிந்தது. சிப்பி ஒவ்வொன்றையும் தெரியும். சிப்பி கிடந்த மண்ணை மட்டும் அவள் மிதித்ததில்லை.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றாள். பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கினாள். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே உண்டு. எழுபதைத் தாண்டிய அந்த மனுஷி அதை ஓட்டிக்கொண்டு தரைவழியாகவே இந்தியா வந்து சேர்ந்த கதையை அவள்தான் சொல்ல வேண்டும். நான் விடுமுறை போட்டுவிட்டு விமானத்தில் வந்து, சென்னையில் அவளோடு சேர்ந்துகொண்டேன். என் வேலை தமிழ் பேசுவது.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் எல்லோரும் டிரைவர் என்று நினைத்தார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, என் ஜன்னலில் தலையை நீட்டி, "லைசென்ஸ எடு" என்றார். என் முன்னால் ஸ்டியரிங் இல்லை என்பதைக் கவனிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வெள்ளை முடியோடு ஹில்டா அவருக்கு வணக்கம் வைத்தாள். "பாட்டி ஓட்டுது, நீ சொகுசா ஒக்காந்து வரியா?" என்று என்னைத் திட்டிவிட்டு அனுப்பினார். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது ஹில்டா சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டை விட்டே கொஞ்சம் இறங்கி ஏறியது.

கொளஞ்சியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கொளஞ்சி என் அத்தை மகன். அரியலூரை ஒட்டிய ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், அவர்கள் வார்த்தையில் மைன்ஸில், பொக்லைன் ஓட்டுகிறான். நாங்கள் சென்னையில் என் அண்ணன் வீட்டில் இருந்தபோது அவன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான்.

"மச்சான், மாட்டு வண்டிச் சக்கரம் கணக்கா ஒரு நத்தைக் கல்லு வந்துருக்கு. சுருட்டி வச்ச பாய் மாதிரி சுத்துச் சுத்தா இருக்கு. பாதி வெளிய தெரியுது, பாதி செவுத்துக்குள்ள இருக்கு."

நான் ரிசீவரை மூடிக்கொண்டு ஹில்டாவிடம் சொன்னேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அம்மோனைட் என்பார்கள், கடலில் வாழ்ந்து எப்போதோ அற்றுப்போன இனம். எங்கள் இழுப்பறைகளில் இருப்பதெல்லாம் உள்ளங்கை அளவுதான். "தொட வேண்டாம் என்று சொல்," என்றாள் ஹில்டா. "யாரும் கை வைக்கக் கூடாது. அது எப்படிச் சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். எடுத்துவிட்டால் அது வெறும் கல்."

"கொளஞ்சி, கையே வைக்காத. நாங்க வர்ற வரைக்கும் அப்பிடியே கெடக்கட்டும்" என்றேன். "சரி மச்சான், எப்ப வருவீங்க?" என்றான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவோம் என்றேன். அவன் வீட்டில் போன் கிடையாது. பூத்தின் நம்பரைக் கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பெரம்பலூர் டீக்கடையில் நல்ல இஞ்சி டீ. ஹில்டா இரண்டு குடித்தாள். திரும்பி வந்து சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினாள். அந்தச் சத்தமும் இல்லை. டாஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை.

நம் ஊரில் வண்டி நின்றால் தள்ளிவிட ஆள் கூப்பிட வேண்டியதில்லை. டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எதிர்ப்பக்கம் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வேட்டியை மடித்துக்கட்டித் தள்ளினார்கள். உள்ளே ஒரு குடித்தனத்தையே வைத்திருக்கிற வண்டி அது. நகர்ந்ததே தவிர உயிர் வரவில்லை. "பேட்டரி அடியோட செத்துப்போச்சு சார்," என்றார் தள்ளினவர்களில் ஒருவர். அவர்தான் சேகர். டீக்கடைக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் சொந்தக்காரர். "ஒரு டிராக்டர் பேட்டரியக் கொண்டாந்து ஒயர் குடுத்தா ஸ்டார்ட் ஆயிரும். இதுக்குப் போயி இவ்வளவு பேரு எதுக்கு?"

பானட்டைத் திறந்தார். பேட்டரி இல்லை. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தார். அங்கேயும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, "பேட்டரி இல்லாமலே ஜெர்மன்லேர்ந்து வந்துருச்சா?" என்றார்.

ஹில்டா சங்கடத்தோடு என் இருக்கையைச் சுட்டிக்காட்டினாள். அதற்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் பேட்டரி. மேலே இருக்கை, கெட்டியாக முடுக்கப்பட்டிருந்தது. இருக்கையைக் கழற்றாமல் பேட்டரியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. ஒயர் கொடுக்கவும் வழியில்லை.

ஜெர்மனியாக இருந்தால் ஹில்டா ஒரு போன் செய்திருப்பாள். மஞ்சள் வண்டியில் ஒருவர் சரியான கருவிகளோடு வந்து, வேலையை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். மொத்தம் நாலு வார்த்தை பேசியிருப்பார். பெரம்பலூரில் பத்துப் பேர் வண்டிக்குள் தலையை விட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு பெரியவர், இருக்கையை அறுத்து எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்றார். ஹில்டாவுக்கு அதைச் சொன்னேன். அவள் அதையும் யோசித்துப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

இருக்கையைப் பிடித்திருந்தவை நாலு போல்ட். அவற்றின் தலையில் நட்சத்திர வடிவத்தில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் பொருந்தித் திருப்புகிற சாவி பெரம்பலூரில் யாரிடமும் இல்லை. ஹில்டாவிடம் இருந்ததை வழியில் எந்த நாட்டிலோ யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். சேகர் போல்ட் தலையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பிவிடலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அடியில் பேட்டரி. நெருப்புப் பொறி விழுந்தால் வெடிக்கும். ஹில்டா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இருக்கைக்கு முன்னால் நின்றுவிட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சேகர் ஒரு பழைய எல் சாவியை எடுத்து, கிரைண்டரில் தேய்த்து, போல்ட்டில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, இருட்டுவதற்குள் முன்பக்கத்து போல்ட் இரண்டையும் கழற்றிவிட்டார்.

அன்று ராத்திரி சால்னாவோடு பரோட்டா. கடைக்காரர் பரோட்டாவை இரண்டு கைகளாலும் அடித்து நொறுக்குவதைப் பார்த்து, "அவருக்கு அதன்மேல் என்ன கோபம்?" என்று கேட்டாள் ஹில்டா. நான் கடைக்காரரிடம் சொன்னேன். "கோவமெல்லாம் இல்லம்மா, அடிச்சாத்தான் அது மெதுவாகும்" என்றார். ஹில்டா வண்டிக்குள் தன் கட்டிலில் படுத்தாள். நான் சேகர் கொடுத்த பாயில் ஒர்க்‌ஷாப்பில் படுத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. காலையிலேயே சேகர் வந்துவிட்டார். பின்பக்கத்து போல்ட்டுகளில் ஒன்று மட்டும் வந்தது. கடைசி போல்ட் கதவுத் தூணை ஒட்டி இருந்தது. சாவியை நேராகப் பிடிக்க இடமில்லை. அழுத்தித் திருப்பியதில் நட்சத்திரம் மழுங்கி வட்டமாகிவிட்டது. பிறகு ஒரே வழிதான். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இருக்கைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் விட்டு அறுத்தார். விரல் நீளத்துக்குத்தான் முன்னும் பின்னும் இழுக்க முடிந்தது. எலி கொறிப்பது போலச் சத்தம். வியர்வை சொட்டச் சொட்ட அறுத்தார். பாதி அறுபட்டது. பிறகு பிளேடை வெளியே எடுத்து, துடைத்து, வாளித் தண்ணீரில் கழுவினார்.

"சார், மன்னிச்சுக்கணும். சாமானெல்லாம் சாமிகிட்ட வைக்கணும். வச்சாச்சுன்னா நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"இன்னும் பாதிதானே சேகர்?"

"பாதிதான் சார். ஆனா வருசத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் அதுகளுக்கு லீவு."

ஹில்டாவிடம் சொன்னேன். அவள் முகத்தில் எரிச்சலே இல்லை. கருவிகளுக்கு ஒரு விடுமுறை என்பது அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. "அந்த அம்மோனைட் கோடிக்கணக்கான வருஷம் காத்திருந்தது, ஒரு நாள் காத்திருக்காதா?" என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயில் மண் விழுந்த மாதிரி இருக்கிறது.

ஒரு பஸ்ஸைப் பிடித்தால் அரியலூர் ஒரு மணி நேரம்தான். போய்க் கொளஞ்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று யோசிக்காமல் இல்லை. தமிழ் தெரியாத ஒரு வயதான பெண்ணை நடுரோட்டில் கழற்றிப்போட்ட வண்டியோடு விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அவசரம் என்று ஒன்று இருப்பதாகவும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் பூஜை. ஸ்பேனர், ஜாக்கி, கிரைண்டர், எங்கள் போல்ட்டைப் பாதி அறுத்த அந்த பிளேடு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சேகரின் மனைவி எங்கள் வண்டியின் நெற்றியிலும் ஒரு பட்டை இழுத்து, சாமந்தி மாலை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நகர்ந்தால்தானே அதை நசுக்கும்? "நாளைக்கு நசுக்கட்டும்" என்றார் சேகர். பொரி, கடலை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல். ஹில்டா பொரியை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டாள். கை நிறைய அள்ளி வாயில் போட வேண்டும் என்று சேகரின் மனைவி செய்து காட்டினார். அப்படிச் செய்ததில் பாதி பொரி ஹில்டாவின் கழுத்துக்குள் போயிற்று. இந்தப் பயணத்திலேயே தனக்கு மிகச் சந்தோஷமான நாள் அதுதான் என்றாள்.

விஜயதசமி காலை, சாமி முன்னாலிருந்து சேகர் முதலில் எடுத்தது அந்த பிளேடைத்தான். "வருசத்தோட மொதல் வேலை உங்க போல்ட்டுதான் சார்" என்றார். போல்ட் அறுந்து விழுந்ததும் டீக்கடையில் யாரோ கைதட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து இருக்கையைத் தூக்கி ரோட்டோரம் வைத்தார்கள். அதில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

பெட்டியைத் திறந்தால் இன்னொரு வம்பு. பேட்டரியின் அடியில், பெட்டிச் சுவரை ஒட்டி, அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தகட்டுக்கு நட்டு. சேகரின் கை உள்ளே போகவில்லை. என் கையும் போகவில்லை. ஹில்டா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வண்டித் தரையில் குப்புறப் படுத்தாள். மெலிந்த கை, சந்துக்குள் முழங்கை வரை போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடித் திருகினாள். "பல் டாக்டர் மாதிரி இருக்காங்க சார்" என்று சேகர் மெதுவாகச் சொன்னார். நட்டு வெளியே வந்தபோது அவள் கன்னமெல்லாம் கிரீஸ்.

பழைய பேட்டரி குட்டையானது. கடையில் இருந்த லாரி பேட்டரிகள் உயரம். போட்டால் இருக்கை உட்காராது. கடைசியில் டீசல் காருக்குப் போடுகிற ஒன்று சரியாக உட்கார்ந்தது. அதில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி இருந்தன. ஒயர் எட்டவில்லை. சேகர் ஒரு துண்டு லாரி கேபிளை வெட்டி ஒட்டுப் போட்டார். அறுபட்ட போல்ட்டுக்குப் பதிலாக ஒரு லாரி போல்ட். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் தடவையிலேயே உறுமியது. நாலு எலுமிச்சம்பழமும் ஒன்றாக நசுங்கின. சேகர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாம்பார், அப்பளம், பாயசம் என்று சாப்பிட்டுவிட்டே கிளம்பினோம்.

அரியலூர் ரோட்டில் இரண்டு பக்கமும் பருத்தி, மக்காச்சோளம். ஊர் நெருங்க நெருங்கப் புளிய மர இலையெல்லாம் சாம்பல் நிறம். எதிரே வந்த டிப்பர் லாரிகளின் முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது. ரோட்டில் அங்கங்கே குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய். ஹில்டா முன்கண்ணாடியை ஒட்டிச் சாய்ந்து, அந்த வெளுத்த மண்ணைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். "இதுதான், இதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மைன்ஸுக்கு ரோடு பிரிகிற இடத்தில் கொளஞ்சி, பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தான். எங்கள் வண்டியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஹில்டா குதிக்காத குறையாக இறங்கி, நான் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தபடி, "வணக்கம், கொளஞ்சி" என்றாள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நேத்து வந்திருந்தாக்கூடப் போதும் மச்சான்."

"வண்டி நின்னுபோச்சு, பெரம்பலூர்ல. ஏன், என்ன ஆச்சு?"

"ஒடஞ்சு போச்சு."

ஹில்டா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்?" என்றாள். "இருங்கள்" என்றேன்.

அவன் சொன்னது இது. சூப்பர்வைசர் ஆயுத பூஜை வரைக்கும் கல் இருந்த மூலையை விட்டுவைக்க ஒத்துக்கொண்டார். கொளஞ்சி தினம் ஏதாவது சாக்குச் சொல்லி மெஷினை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தான். பூஜை அன்று பொக்லைனுக்குச் சந்தனம் வைத்த கையோடு அந்தக் கல்லுக்கும் வைத்து, ஒரு முழம் பூவும் போட்டான். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் கும்பிட்டார்கள். விஜயதசமி காலையில் வேலை தொடங்கியது. அந்த மூலையை இனி விட்டுவைக்க முடியாது, லாரிகள் நிற்கின்றன என்றார் சூப்பர்வைசர். கொளஞ்சி கெஞ்சியதில் பத்து மணி டீ வரைக்கும் பொறுத்தார். அதற்குள் கொளஞ்சி இரண்டு தடவை மொபெட்டை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனான். டீக்குப் பிறகு பக்கத்தில் துளை போட்டு வெடி வைத்தார்கள்.

"வெடிக்குப் பொறகும் அது அப்பிடியே ஒக்காந்துருந்துச்சு மச்சான். சரி, நாமளே தூக்கி ஓரமா வச்சுருவோம்னு பக்கெட்ட மெதுவ்வ்வா அடியில விட்டேன். உள்ளுக்குள்ள எல்லாம் விட்டுப்போயிருக்கு. தூக்குனதும் பொலபொலன்னு..." அவன் கையை விரித்துக் காட்டினான். "பின்னாடியே லாரி. அள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

பிறகு குரல் தாழ்ந்தது. "மொத நாளே எடுத்திருப்பேன். வெடி வைக்கிறதுக்கு முந்தி நல்ல கல்லு அது. முழுசா வந்துருக்கும். நீதான் கைய வைக்காதேன்ன."

மொழிபெயர்ப்பு வேலையில் அதைவிடக் கஷ்டமான வாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. ஹில்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசி வாக்கியம் உட்பட. அவள் கேட்டுக்கொண்டே பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்தாள். கன்னத்தில் இருந்த கிரீஸை அப்போதுதான் கவனித்த மாதிரி கையால் தேய்த்தாள். அது இன்னும் பரவியது.

ஷிப்ட் முடிந்திருந்தது. வாட்ச்மேன் எங்களை உள்ளே விட்டார். மைன்ஸ் என்பது ஒரு ஊரையே கவிழ்த்துவைத்தால் கொள்ளும் அளவுக்குப் பெரிய பள்ளம். அந்த மூலையில் புதிதாக வெட்டிய வெள்ளைச் சுவர் நின்றது. தரையில் லாரி டயர் தடம். கொளஞ்சி ஓர் இடத்தில் காலால் கோடு போட்டான். "இங்கதாம்மா."

ஹில்டா கேட்க ஆரம்பித்தாள். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? சுருளின் வாய் மேலேயா கீழேயா? பக்கத்தில் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தனவா? கொளஞ்சி வாயால் சொல்லத் தெரியாமல், வண்டியிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி, சுவரோரம் மண்டி போட்டு அதைச் சாய்த்துப் பிடித்தான். "இப்பிடி. இல்ல, இன்னும் கொஞ்சம் கெழக்க." அவள் தட்டை அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சில கேள்விகளுக்கு அவனிடம் பதில் இருந்தது. பலவற்றுக்கு, "அத நான் பாக்கலீங்கம்மா" என்றான். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் தவறு செய்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவன் வீட்டில் அவன் மனைவி செல்வி கோழிக் குழம்பு வைத்திருந்தாள். "முந்தாநாளும் வச்சேண்ணே, வருவீங்க வருவீங்கன்னு. இன்னைக்கும் வச்சேன்" என்றாள். கொளஞ்சி லாரி போன பிறகு தரையில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி ஒரு உரச் சாக்கில் போட்டு வைத்திருந்தான். ஹில்டா முற்றத்தில் பாய் விரிக்கச் சொல்லி அந்தத் துண்டுகளைப் பரப்பினாள். ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். இரண்டு துண்டு சேர்ந்தது. அவ்வளவுதான். இருந்தாலும் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். செல்விக்காகத்தான் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் கிளம்பும்போது ஹில்டா கொளஞ்சியிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். நான் சொன்னேன்: "கொளஞ்சி, தொடாதேன்னு அவங்க சொல்லியிருக்கக் கூடாதாம். தப்பு அவங்களோடதாம். நீ அத மனசுல வச்சுக்கக் கூடாதாம்."

கொளஞ்சி பதறிப்போனான். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்கம்மா. நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். வண்டி மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும்."

"என்ன சொல்கிறார்?"

சொன்னேன். அவளுக்கு அது தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எடுத்துப் பத்திரமாக வை என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். வாய்க்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"கொளஞ்சி. எடுத்து வை. எல்லாம் எடுத்து வை. நான் வரும்."

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். "எடுத்து வைக்கிறேங்கம்மா. வாங்க."

ஆண்டிமடம் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. சென்னையில் புறப்பட்டதிலிருந்து பார்த்த ஒவ்வொரு மரத்துக்கும் பேர் கேட்டவள், முந்திரிக்கு மட்டும் கேட்கவில்லை. ஒரு தோப்போரம் வண்டியை நிறுத்தி, இறங்கி, மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் இறங்கவில்லை. ஒரு நாள் முன்னதாகப் பெரம்பலூரில் டீ குடித்திருந்தால், அல்லது டீயே குடிக்காமல் போயிருந்தால் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் பேட்டரி பற்றிய பேச்சே வந்திருக்காது. மைன்ஸ் வாசலில் கொளஞ்சியைப் பார்த்திருப்போம். செல்வி ஒரு நாள் மட்டும் கோழி அடித்திருப்பாள்.

ஹில்டாவால் திரும்ப வர முடியவில்லை. ஜெர்மனி திரும்பிய கொஞ்ச காலத்தில் இடுப்பில் அறுவை சிகிச்சை. பிறகு ஒரு முதியோர் விடுதி. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் கொளஞ்சி போன் செய்தானா என்று கேட்பாள். வண்டியை விற்றுவிட்டாள். ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் கொளஞ்சியிடமிருந்து போன் வந்தது. வழக்கம் போல பூத்திலிருந்துதான்.

"மச்சான், அம்மா எப்ப வர்றாங்க? சாக்கு நாலாயிருச்சு. செல்வி எடம் இல்லேங்கறா. அன்னைக்கு அம்மா கேட்டாங்கள்ல, எந்தப் பக்கம் சாஞ்சு கெடந்துச்சுன்னு? இப்ப ஒவ்வொண்ணு மேலயும் பெயிண்டுல அம்பு போட்டுட்டுத்தான் எடுக்குறேன். அம்மாட்ட சொல்லு."

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"எப்ப மச்சான்?"

"போன மாசம்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"ஒனக்கு எப்பிடிச் சொல்றது கொளஞ்சி? நீ கூப்பிட்டாத்தான் உண்டு."

"ஆமா" என்றான். பூத்தில் யாரோ அவசரப்படுத்தினார்கள். "இருங்க, முக்கியமான போனு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தான். "அப்ப இனிமே எடுத்து வைக்க வேணாமா மச்சான்?"

ஒரு தடவை போனில் நான் சொன்ன பேச்சை அப்படியே கேட்டவன் அவன். இப்போது சொன்னாலும் கேட்பான்.

"எடுத்து வை கொளஞ்சி" என்றேன்.

யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.